பரிணாம மரத்துக்கு வேர் எங்கே வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபணு வரிசைகளை வைத்து மரம் போடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வரிசைகளை நேர்ப்படுத்துவதிலும் மாடலை (எழுத்துகள் எப்படி மாறுகின்றன என்று சொல்லும் கணித விதியை) தேர்ந்தெடுப்பதிலும்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வேர் கடைசியில், படத்தைக் கட்டுரைக்காக அழகுபடுத்தும்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த மரத்தை வைத்து "இது முதலில் பிரிந்தது, அது பிறகு வந்தது" என்று எழுதப்போகும் ஒவ்வொரு வரியும் வேரை நம்பித்தான் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

வேரில்லாத மரமா? அது எப்படி மரமாகும்?

நுனிகளில் உங்கள் இனங்கள் (வைரஸ் மாதிரிகளாக இருக்கலாம், மரபணுக்களாக இருக்கலாம்), அவற்றை இணைக்கும் கிளைகள், கிளைகள் கூடும் கணுக்கள். வேரில்லா மரம் என்பது இவ்வளவுதான். யார் யாருக்குப் பக்கத்தில், எவ்வளவு தூரத்தில் என்று அது சொல்லும். காலம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லாது. முடிச்சுப் போட்ட நூல்களை மேஜைமேல் பரப்பியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் பிடித்துத் தூக்கினாலும் ஒரு முடிச்சும் அவிழாது, ஆனால் தொங்கும் உருவம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். பிடித்துத் தூக்கும் இடம்தான் வேர், அதாவது அங்கே இருக்கும் எல்லாருக்கும் பொதுவான கடைசி மூதாதை.

வேரை எந்தக் கிளையிலும் வைக்கலாம் என்பதால், எத்தனை கிளையோ அத்தனை சாத்தியம். இனங்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழித்தால் கிளைகளின் எண்ணிக்கை வந்துவிடும். 5 இனத்துக்கு 7, 10 இனத்துக்கு 17, 100 இனத்துக்கு 197.

நான் ஓட்டிய மென்பொருள் வேரோடுதானே மரத்தைக் கொடுத்தது?

இல்லை. தாளில் வரைய வேண்டுமானால் எங்காவது ஓரிடத்தில் ஆரம்பித்தாக வேண்டும், அதனால் ஆரம்பித்திருக்கிறது. மரம் போடும் மென்பொருளான ஐக்யூ-ட்ரீ தரும் அறிக்கைக் கோப்பைத் திறந்து மரத்துக்கு மேலே உள்ள வரியைப் படியுங்கள்: இந்த மரத்துக்கு வேர் கிடையாது, ஆனாலும் இன்ன இனம் வேரில் இருப்பதுபோல வரையப்பட்டுள்ளது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அந்த "இன்ன இனம்" உங்கள் கோப்பில் முதலில் இருக்கும் வரிசை. கோப்பில் வரிசைகளை இடம் மாற்றிப் போட்டால் படத்தின் "வேர்" மாறிவிடும். அகரவரிசையில் அடுக்கியதால் முதலில் வந்த ஓர் உயிரினத்தை "மிகப் பழங்காலத்தில் பிரிந்த கால்வழி" என்று எழுதிவிடும் அபாயம் உண்மையிலேயே இருக்கிறது.

1987-இல் சைட்டோவும் நெய்யும் கொடுத்த அண்டை இணைப்பு முறை தருவதும் வேரில்லா மரம்தான். பழைய யுபிஜிஎம்ஏ முறை மட்டும் வேரோடு தரும். எல்லாக் கிளைகளும் ஒரே வேகத்தில் மாறின என்று அது முன்கூட்டியே வைத்துக்கொள்வதால் கிடைக்கும் வேர் அது. அந்த அனுமானம் தப்பென்றால் வேரும் தப்பு.

இத்தனை ஆயிரம் எழுத்து வரிசை இருக்கிறதே, வேர் அதற்குள்ளேயே இருக்காதா?

நாம் அன்றாடம் பயன்படுத்தும் மாடல்களுக்கு அது தெரியாது. எளிய ஜூக்ஸ்-கேன்டர் மாடலிலிருந்து ஜிடிஆர் வரை எல்லாமே முன்னும் பின்னும் ஒன்றுபோல ஓடக்கூடியவை. டிஎன்ஏ-வில் ஏ என்ற எழுத்து ஜி ஆகும் ஓட்டமும் ஜி ஏ ஆகும் ஓட்டமும் சமநிலையில் சமம் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. அப்படி எடுத்துக்கொண்டால் கணக்கு மிகவும் சுலபமாகிறது, அதனால்தான் எடுத்துக்கொள்கிறோம். அதற்கு விலை என்னவென்றால், வேரை மரத்தின் எந்த மூலையில் வைத்தாலும் நிகழ்தகவு ஒரு புள்ளிகூட மாறாது. ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1981-இல் இதைக் காட்டினார். கப்பியில் கயிற்றை இழுப்பதுபோல வேரைக் கிளை நெடுகிலும் நகர்த்தலாம் என்பதால் கப்பி விதி என்றே இதற்குப் பெயர்.

ஆக, வேர் என்பது அந்த மாடலுக்கு வெளியிலிருந்து நீங்கள் கொண்டுவரும் ஒரு தகவல். வெளிக்குழு, மாறாத வேகம், மாதிரி எடுத்த தேதி, இரட்டித்த மரபணு என்று கீழே வரப்போகிற எல்லா வழிகளும் அந்தத் தகவலை எங்கிருந்து கொண்டுவருகிறோம் என்பதில்தான் வேறுபடுகின்றன.

வேர் கொஞ்சம் தள்ளிப் போனால் அப்படி என்ன ஆகிவிடும்?

நான்கே இனங்களை எடுத்துக்கொள்வோம்: மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான். வேரில்லா மரத்தில் நடுவே ஒரு கிளை, அதன் ஒரு முனையில் மனிதனும் சிம்பன்சியும், மறுமுனையில் கொரில்லாவும் ஒராங்குட்டானும். மொத்தம் 5 கிளை, அதனால் 5 கதை.

ஒராங்குட்டான் கிளையில் வேர் வைத்தால், ஒராங்குட்டான் முதலில் பிரிந்தது, அப்புறம் கொரில்லா, மனிதனும் சிம்பன்சியும் கடைசியில் பிரிந்தார்கள். இதுதான் சரியான கதை. இந்த நால்வருக்கும் வெளியே நிற்கும் கிப்பன் குரங்கைச் சேர்த்துப் பார்த்தால் அது வந்து ஒட்டுவதும் இந்தக் கிளையில்தான். நடுக்கிளையில் வைத்தால் கொரில்லாவும் ஒராங்குட்டானும் சகோதரர்கள் ஆகிவிடும். மனிதன் கிளையில் வைத்தால் மற்ற மூன்றும் ஒரே கூட்டம், மனிதன் மட்டும் தனி. வேடிக்கை என்னவென்றால், பழைய வகைப்பாடு சொன்னது இந்தக் கதையைத்தான்: மூன்று பெருங்குரங்குகளையும் போஞ்சிடே என்ற குடும்பத்தில் போட்டுவிட்டு மனிதனுக்குத் தனிக்குடும்பம் கொடுத்திருந்தார்கள். கிளை நீளம் மாறவில்லை, வரிசைகள் மாறவில்லை, யார் யாருக்கு அருகில் என்பதுகூட மாறவில்லை. வேர் மட்டும்தான் நகர்ந்தது.

இதோடு நிற்காது. ஒரு பண்பு புதிதாக வந்ததா, இருந்து பின்னர் தொலைந்ததா என்ற முடிவும், மூதாதை எப்படி இருந்திருக்கும், எந்த நிலத்தில் வாழ்ந்திருக்கும் என்ற ஊகமும் வேர் நகர்ந்தால் கூடவே நகரும்.

வெளிக்குழுவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆராயும் குழுவுக்கு நிச்சயமாக வெளியே இருக்கிறது என்று தெரிந்த ஓர் இனத்தையும் சேர்த்து மரம் போடுகிறோம். அது எந்தக் கிளையில் வந்து ஒட்டுகிறதோ அங்கே வேர். பெரும்பாலான வேலைகளுக்கு இது போதும், நானும் முதலில் இதைத்தான் சொல்வேன். ஆனால் "நிச்சயமாக வெளியே" என்பதை உங்கள் மரம் நிரூபிக்காது. நீங்கள் வேரிட்ட விதமே அதை வெளியே நிறுத்திவிடுகிறது, பிறகு "பாருங்கள், வெளியே நிற்கிறது" என்று காட்டினால் சுற்றி வளைத்து அதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். புதைபடிவம், உடற்கூறு, இதைவிடப் பெரிய வேறொரு மரம் என்று அந்த அறிவு வேறெங்காவது இருந்து வர வேண்டும்.

மிக நெருங்கிய உறவான சகோதரக் குழுதான் முதல் தேர்வு. அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுக்காமல் மூன்று நான்கு எடுங்கள், அந்தக் குழுவுக்குள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவையாகப் பார்த்து எடுங்கள். அப்போது வெளிக்குழுவுக்குப் போகும் நீண்ட ஒற்றைக்கிளை நடுவில் உடைபடும். அடுத்த வட்டத்திலிருந்தும் ஒன்றிரண்டு சேர்த்தால், நீங்கள் நம்பிய சகோதரக் குழு உண்மையில் உள்ளே புகுந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஒரே ஒரு வெளி இனத்தை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

வரிசையின் எழுத்து விகிதத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெளிக்குழுவில் ஜி, சி எழுத்துகள் மிக அதிகமாக இருந்து, உங்கள் குழுவில் ஒரே ஒரு இனம் மட்டும் அதேபோல இருந்தால், உறவே இல்லாவிட்டாலும் இரண்டும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும்.

வெளிக்குழு தூரமாக இருந்தால் என்ன? வெளியே இருந்தால் போதாதா?

போதாது. அதிகத் தொந்தரவு வருவதே இங்கேதான். இரண்டு நீண்ட கிளைகள் உண்மையான உறவு இல்லாமலேயே ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் என்பதை ஃபெல்சன்ஸ்டைன் 1978-இலேயே காட்டிவிட்டார். இரண்டு கால்வழிகளிலும் ஏராளமான மாற்றம் நடந்திருந்தால் இருப்பது நாலே எழுத்து என்பதால் தற்செயலாகவே பல இடங்களில் ஒத்துப்போய்விடும், சில முறைகள் அதை உறவு என்று எடுத்துக்கொள்ளும். தூரத்து வெளிக்குழுவின் கிளை எப்போதும் நீளம்தான். அது உள்ளே இருக்கும் மிக நீண்ட கிளையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். ரொம்பத் தூரம் போய்விட்டால் அது கிட்டத்தட்ட தற்செயலாகக் கலைத்துப் போட்ட வரிசைக்குச் சமம் என்று 1990-இல் வீலர் எழுதினார்.

இதற்குச் சரியான உதாரணம் மைக்ரோஸ்போரிடியா. பிற உயிர்களின் செல்லுக்குள் வாழும் மிகச்சிறிய ஒட்டுண்ணிகள், வழக்கமான மைட்டோகாண்ட்ரியா கிடையாது. 1987-இல் அவற்றின் ரைபோசோம் ஆர்என்ஏ-வை வைத்துப் போட்ட மரத்தில், உட்கரு உள்ள உயிர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பிரிந்த கால்வழியாக வேர் அருகே வந்து நின்றன. மைட்டோகாண்ட்ரியா தோன்றுவதற்கு முன்பே பிரிந்துவிட்டவை என்ற கதையோடு இது கச்சிதமாகப் பொருந்தியதால் பலரும் நம்பினார்கள். 1990-களின் பின்பாதியில் டியூபுலின் போன்ற வேறு மரபணுக்களைப் பார்த்தபோது அவை பூஞ்சைகளின் உறவினர்கள் என்று தெரிந்தது. வேகமாக மாறியதால் நீண்டுபோன அவற்றின் கிளையை, பாக்டீரியா போன்ற மிகத் தூரத்து வெளிக்குழு கீழே இழுத்துவிட்டிருந்தது. 2002-இல் அவற்றின் செல்லுக்குள் சுருங்கிப்போன மைட்டோகாண்ட்ரியாவின் மிச்சத்தையும் கண்டுபிடித்தார்கள். தவறான வேர் ஒரு நல்ல கதையோடு சேர்ந்து வந்தால் பத்தாண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும்.

சோதிக்க வழி உண்டு. முதலில் வெளிக்குழு இல்லாமல் மரம் போடுங்கள், பிறகு சேர்த்துப் போடுங்கள். உள்ளே இருப்பவர்களின் உறவுகள் மாறினால் வெளிக்குழு வேரைக் காட்டாமல் மரத்தையே கலைக்கிறது என்று பொருள். ஒவ்வொரு வெளி இனத்தையும் தனித்தனியே வைத்து ஓட்டிப் பாருங்கள், வேர் ஒரே கிளையில் விழுகிறதா என்று. உண்மையான வெளிக்குழுவுக்குப் பதிலாக அதே எழுத்து விகிதத்தில் கலைத்துப் போட்ட வரிசையை வைத்தும் பார்க்கலாம். இரண்டும் ஒரே கிளையில் ஒட்டினால் அந்த வேரை நான் நம்பமாட்டேன்.

நடுப்புள்ளி வேர் போதாதா? மரம் பார்க்கும் ஃபிக்ட்ரீ மென்பொருளில் ஒரு கிளிக்கில் வந்துவிடுகிறதே.

மரத்திலேயே ஒன்றுக்கொன்று மிகத் தூரமான இரண்டு நுனிகளை எடுத்து அவற்றுக்கு நடுவில் வேரை வைப்பது இந்த முறை. 1972-இல் ஃபாரிஸ் சொன்னது. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் மாறியிருந்தால் சரியாகவே வரும். மேலே சொன்ன நான்கு குரங்குகளுக்குக்கூட ஒராங்குட்டான் கிளையில்தான் விழும். ஒரே ஒரு கால்வழி மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாக ஓடியிருந்தால், நடுப்புள்ளி நேராக அந்தக் கிளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பழுதான வரிசை ஒன்று இருந்தாலும் இதே கதிதான், அதன் போலி நீளம் முழு மரத்தின் வேரையும் தீர்மானித்துவிடும்.

புகழ்பெற்ற உதாரணம் "மைட்டோகாண்ட்ரியா ஏவாள்", அதாவது மனிதர்கள் எல்லாருக்கும் தாய்வழிப் பொது மூதாதை. 1987-இல் கேன், ஸ்டோன்கிங், வில்சன் மூவரும் 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வை ஒப்பிட்டு, வேர் ஆப்பிரிக்காவில் என்றார்கள். அந்த வேர் நடுப்புள்ளி வேர். வேகம் சமம் என்ற அனுமானத்தை விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1991-இல் விஜிலன்ட் குழுவினர் சிம்பன்சியை வெளிக்குழுவாக வைத்துத் திரும்பச் செய்தார்கள், மறுபடி ஆப்பிரிக்கா வந்தது. அடுத்த ஆண்டே வேறு சிலர் அதே தரவை இன்னும் விரிவாகத் தேடிப் பார்த்து, அதே அளவுக்கு அல்லது அதைவிடச் சிக்கனமான (குறைந்த மாற்றங்களே தேவைப்படும்) வேறு மரங்களும் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றின் வேர் ஆப்பிரிக்காவில் இல்லை என்று காட்டினார்கள். கடைசியில் 2000-இல் 53 பேரின் முழு மைட்டோகாண்ட்ரியா வரிசைகளை வைத்துப் போட்ட மரம்தான் உறுதியாகப் பேசியது: மிக ஆழமான மூன்று கிளைகளும் முழுக்க ஆப்பிரிக்கர்களுடையவை. முதலில் சொன்ன பதிலே சரிதான், ஆனால் அன்றைக்குக் கையில் இருந்த ஆதாரம் அதைத் தாங்கும் அளவுக்கு இல்லை.

2017-இல் நடுப்புள்ளிக்கு இரண்டு நல்ல மாற்றுகள் வந்தன. ஒன்று மேட், ஒவ்வொரு கிளையையும் வேராக வைத்துப் பார்த்து, எல்லா நுனி ஜோடிகளுக்கும் நடுப்புள்ளியிலிருந்து விலகல் எங்கே குறைவு என்று பார்க்கும். மற்றது வேரிலிருந்து நுனிகள் வரையுள்ள தூரங்களின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் மின்வார். இரண்டு நுனிகளை மட்டும் நம்பாமல் எல்லாரையும் கேட்பதால் நடுப்புள்ளியைவிட உறுதியானவை. வெளிக்குழு கிடைக்காதபோது முதலில் இவற்றை ஓட்டிப் பார்ப்பேன்.

என்னிடம் வைரஸ் மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் எடுத்த தேதி இருக்கிறது. அது உதவுமா?

தாராளமாக. கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் மாறும் வைரஸ்களுக்கு மிகச் சரியான வழி இதுதான். பின்னால் எடுத்த மாதிரி வேரிலிருந்து அதிகத் தூரம் போயிருக்க வேண்டும் அல்லவா? ஆகவே ஒவ்வொரு கிளையிலும் வேரை வைத்து, நுனி வரையுள்ள தூரத்தையும் தேதியையும் வரைபடத்தில் போட்டு, புள்ளிகள் எந்த இடத்துக்கு நேர்கோட்டுக்கு மிக அருகில் விழுகின்றன என்று தேடலாம். டெம்ப்எஸ்ட் என்ற மென்பொருள் இதைச் செய்கிறது. கோடே இல்லாமல் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் உங்கள் தரவில் காலத்தின் தடம் இல்லை, இந்த வழியை விட்டுவிடுங்கள். கோடு இருந்தால் பீஸ்ட் போன்ற பேயீசிய மென்பொருளில் கடிகாரத்தையும் (காலத்தோடு மாற்றங்கள் சேரும் வேகத்தையும்) வேரையும் ஒன்றாகவே கணிக்கலாம். எச்.ஐ.வி-1-இன் முதன்மைக் குழுவின் பொது மூதாதை 1931 வாக்கில் இருந்தது என்று 2000-இல் மதிப்பிட்டார்கள். 1960-ஆம் ஆண்டின் பழைய மாதிரி ஒன்று சேர்ந்த பிறகு, 2008-இல், அது 1908 வாக்கிற்குப் பின்னோக்கிப் போனது.

தேதியும் வெளிக்குழுவும் வெவ்வேறு இடத்தைக் காட்டினால்?

கோவிட் வைரஸில் அதுதான் நடந்தது. தொடக்கத்தில் ஏ, பி என்று இரண்டு கால்வழிகள். அவற்றுக்கு இடையே 8782, 28144 என்ற இரண்டே இடங்களில்தான் வேறுபாடு. வெளிக்குழுவாக எடுத்த வௌவால் வைரஸ் ஆர்ஏடிஜி13 சுமார் 96 சதவீதம்தான் ஒத்தது. ஏறத்தாழ 30,000 எழுத்தில் 1,100-க்கு மேல் வேறுபாடு. அந்த இரண்டு இடங்களிலும் வௌவால் வைரஸ் ஏ பக்கம் ஒத்துப்போகிறது, ஆகவே வெளிக்குழுவைக் கேட்டால் வேர் ஏ பக்கம். ஆனால் வூஹானில் ஆரம்பத்தில் கிடைத்த மாதிரிகளில் பி-தான் அதிகம், தேதியோடு கடிகாரத்தைக் கேட்டால் பி பக்கம் சாய்கிறது.

ஆயிரத்து நூறு எழுத்து தள்ளி நிற்கிற ஒருவரிடம் இரண்டு எழுத்து விவகாரத்துக்குத் தீர்ப்புக் கேட்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த வைரஸில் சி எழுத்து டி ஆவது மிகச் சாதாரணம், ஒரே மாற்றம் தனித்தனியே பலமுறை நடந்திருக்கலாம், திரும்பியும் போயிருக்கலாம். மறுபுறம் ஆரம்ப மாதிரிகள் எங்கே தேடினார்களோ அங்கே கிடைத்தவை, ஆகவே தேதிக் கணக்கும் சாய்வற்றது இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரே கிளையைச் சுட்டிக்காட்டி எழுதாமல், ஒவ்வொரு கிளைக்கும் எவ்வளவு நிகழ்தகவு என்று பகிர்ந்து கொடுப்பதே நேர்மை.

வெளிக்குழுவே இல்லாத மரம் என்றால்? எல்லா உயிர்களுக்குமான மரத்துக்கு வெளியே யார் இருக்கிறார்கள்?

யாருமில்லை. ஆனால் இதற்கு ஓர் அழகான தந்திரம் இருக்கிறது, வேரிடும் வழிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பொது மூதாதைக்கும் முன்பே ஒரு மரபணு இரட்டித்திருந்தால், இன்றுள்ள ஒவ்வோர் உயிரிலும் அதன் இரண்டு பிரதிகளும் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே மரமாகப் போட்டால் இரண்டு பாதி கிடைக்கும், ஒவ்வொரு பாதியிலும் எல்லா உயிர்களும் இருக்கும். முதல் பாதிக்கு இரண்டாவது பாதி வெளிக்குழு, இரண்டாவதற்கு முதலாவது. இரண்டு பாதிகளிலும் வேர் ஒரே இடத்தில் விழுந்தால் அது தற்செயலாக இருக்கும் வாய்ப்புக் குறைவு, கூடுதல் லாபம். 1989-இல் இவாபே குழுவினர் புரத உற்பத்தியில் உதவும் நீட்சிக் காரணிகளை வைத்தும், கோகார்ட்டன் குழுவினர் ஏடிபேஸ் துணையலகுகளை வைத்தும் இதைச் செய்தார்கள். வேர் ஒரு பக்கம் பாக்டீரியாவுக்கும் மறுபக்கம் ஆர்க்கியாவும் (உட்கரு இல்லாத வேறொரு நுண்ணுயிர்க் குழு) உட்கரு உயிர்களும் சேர்ந்த கூட்டத்துக்கும் நடுவில் விழுந்தது. இன்றும் பெரும்பாலோர் ஏற்கும் இடம் அதுதான்.

பூக்கும் தாவரங்களுக்கும் இதே தேவை வந்தது. அவற்றின் மிக நெருங்கிய உயிருள்ள உறவே விதைமூடாத் தாவரங்கள், 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டவை. நீண்ட கிளைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். 1999-இல் மேத்யூசும் டானகியூவும் ஒளியை உணரும் ஃபைட்டோகுரோம் மரபணுவின் ஏ, சி என்ற இரண்டு பிரதிகளை ஒன்றுக்கொன்று வெளிக்குழுவாக வைத்தார்கள். நியூ கலிடோனியாவில் மட்டும் வளரும் ஆம்போரெல்லா என்ற புதர்ச்செடி, மற்ற எல்லாப் பூக்கும் தாவரங்களுக்கும் சகோதரமாக வந்து நின்றது. அதே ஆண்டில் வேறு தரவுகளும் அதையே சொன்னன.

இந்த யோசனையை ஒரு மரபணுவோடு நிறுத்தாமல் ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு விரித்தால் அதற்கு இணக்கமுறை என்று சொல்லலாம்: இரட்டிப்பு, இழப்பு, பக்கவாட்டுப் பரிமாற்றம் (ஒரு கால்வழியின் மரபணு இன்னொன்றுக்குத் தாவுவது) எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, எந்த வேர் வைத்தால் மரபணு மரங்கள் மிக இயல்பாக விளக்கப்படுகின்றன என்று பார்ப்பது. 2021-இல் பாக்டீரியாக்களுக்கு இதைச் செய்தபோது, மிகச்சிறிய மரபணுத்தொகுதி கொண்ட சிபிஆர் பாக்டீரியாக்கள் வேர் அருகிலிருந்து விலகிக் குளோரோஃபிளெக்சி என்ற பாக்டீரியாக் கூட்டத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. முன்பு ஆர்க்கியாவை வெளிக்குழுவாக வைத்தபோது அவை அடியில் வந்ததற்கு நீண்ட கிளைதான் காரணம் என்ற சந்தேகம் இதனால் வலுத்தது.

வேருக்குப் பக்கத்தில் தனியாக நிற்பது மிகப் பழைமையான இனம்தானே?

இல்லவே இல்லை. ஆம்போரெல்லா மற்றப் பூக்கும் தாவரங்களுக்குச் சகோதரம் என்றால், மற்ற எல்லாத் தாவரங்களும் ஆம்போரெல்லாவுக்குச் சகோதரம். இரண்டு பக்கமும் ஒரே நாளில் பிரிந்தன, இரண்டுக்கும் ஒரே வயது. ஒரு பக்கத்தில் இனங்கள் குறைவாக மிஞ்சியிருக்கின்றன, அவ்வளவே. ஆம்போரெல்லா யாருக்கும் மூதாதை இல்லை, அதுவும் இத்தனை கோடி ஆண்டு மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

நிபுணர்களாலேயே தீர்க்க முடியாத வேர் ஏதாவது உண்டா?

விலங்குகளின் வேர். முதலில் பிரிந்தது கடற்பஞ்சா, சீப்பு ஜெல்லியா? உடலில் நரம்பும் தசையும் இல்லாத கடற்பஞ்சு முதலில் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2008-இல் டன் குழுவினர் பல மரபணுக்களை வைத்துப் போட்ட மரத்தில் சீப்பு ஜெல்லி முதலில் வந்தது. அது நீண்ட கிளை என்று ஒரு தரப்பு, இல்லை என்று மறுதரப்பு. மாடலை மாற்றினால், வெளிக்குழுவை மாற்றினால் விடை மாறியது. 2023-இல் ஷுல்ட்ஸ் குழுவினர் எழுத்துகளை விட்டுவிட்டு, மரபணுக்கள் குரோமோசோம்களில் எப்படிக் கூட்டமாக அமைந்திருக்கின்றன என்று பார்த்தார்கள். இரண்டு கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து நன்றாகக் கலந்துவிட்டால் மறுபடி பழையபடி பிரிவது நடக்காத காரியம், ஆகவே இது ஒருவழி மாற்றம், காலத்தின் திசையைக் காட்டிக்கொடுக்கும். அப்படிக் கலந்த சில கூட்டங்கள் கடற்பஞ்சு உள்ளிட்ட மற்ற விலங்குகளில் இருக்கின்றன, சீப்பு ஜெல்லியிலும் விலங்கல்லாத ஒற்றைச்செல் உறவினர்களிலும் இல்லை. வலுவான வாதம்தான், ஆனாலும் விவாதம் ஓயவில்லை.

வேருக்கு பூட்ஸ்ட்ராப் மதிப்பு எங்கே பார்ப்பது?

சாதாரண பூட்ஸ்ட்ராப் மதிப்பு கிளைகளுக்கானது, ஒரு கிளை மரத்தை இரண்டாகப் பிரிக்கிறதே தரவிலிருந்து மறுபடி மறுபடி மாதிரி எடுத்து மரம் போட்டபோது அந்தப் பிரிவு எத்தனை முறை திரும்ப வந்தது என்று சொல்வது. வேரைப் பற்றி அது பேசுவதில்லை. முன்பின் ஒன்றுபோல ஓடாத மாடல்களைப் பயன்படுத்தினால் வெளிக்குழு இல்லாமலே வேரைக் கணிக்கலாம், ஐக்யூ-ட்ரீயில் அதோடு ரூட்ஸ்ட்ராப் என்று ஒவ்வொரு கிளையும் எத்தனை முறை வேரைத் தாங்கியது என்ற மதிப்பும் கிடைக்கும். தரவு நிறைய இருந்தால் முயன்று பாருங்கள், சிறிய தரவில் பெரும்பாலும் குழப்பமாகத்தான் வரும்.

இங்கே ஒரு குழியைக் காட்டிவிடுகிறேன். மரத்தை அடைப்புக்குறிகளால் எழுதிவைக்கும் நியூவிக் கோப்பில் பூட்ஸ்ட்ராப் எண்கள் கணுக்களின் பெயர்போல எழுதப்படுகின்றன, கிளைக்குரிய எண் கணுவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரத்தை வேறிடத்தில் வேரிட்டால் பழைய வேருக்கும் புதிய வேருக்கும் நடுவிலுள்ள கிளைகளின் திசை புரளும், எண்ணும் கூடவே கிளையின் மறுமுனைக் கணுவுக்கு நகர வேண்டும். சில மென்பொருள்கள் நகர்த்துவதில்லை. அப்போது 98 வாங்கிய கிளையின் எண் பக்கத்துக் கிளையில் போய் உட்கார்ந்திருக்கும், படத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 2017-இல் செக், வெர்த்தா-செப்பாஸ், ஸ்டாமடாகிஸ் மூவரும் பல மரம் பார்க்கும் மென்பொருள்களைச் சோதித்து இதை வெளியே கொண்டுவந்தார்கள். வேரிட்ட பிறகு இரண்டு மூன்று கிளைகளின் எண்களை மூலக்கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

வேர் வைக்காமலே விட்டுவிடலாமா?

பல நேரம் அதுவே சரி. புதிய மாதிரி எந்தக் கூட்டத்தில் சேர்கிறது, ஒரு மரபணுக் குடும்பத்தில் எத்தனை கிளைகள் என்பதற்கெல்லாம் வேர் தேவையில்லை. வேரில்லா மரத்தை வட்டமாகப் பரப்பி வரைந்து அப்படியே சொல்லிவிடுங்கள். மரபணு மறுசேர்க்கை (வெவ்வேறு வைரஸ்களின் துண்டுகள் ஒன்றாகக் கலப்பது) அதிகமுள்ள வைரஸ்களில் மொத்த வரிசைக்கும் ஒரே மரம், ஒரே வேர் என்பதே கேள்விக்குரியது.

கட்டுரையில் வேரைப் பற்றி எவ்வளவு எழுத வேண்டும்?

எந்த முறை, எந்த வெளி இனங்கள், ஏன் அவை, வேறு வெளிக்குழுவோ வேறு முறையோ வைத்துப் பார்த்தபோது என்ன ஆனது. நான்கு வரி போதும். "மரம் வேரிடப்பட்டது" என்று மட்டும் எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் வேரிட்ட மரத்தை அடுத்த மென்பொருள் "வேர் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறது. ஏன்?

கோப்பைத் திறந்து மிக வெளியே உள்ள அடைப்புக்குறிக்குள் எத்தனை கிளை என்று எண்ணுங்கள். மூன்று இருந்தால் பல மென்பொருள்கள் அதை வேரில்லா மரமாகவும், இரண்டு இருந்தால் வேருள்ளதாகவும் எடுத்துக்கொள்ளும். ஆர் மொழியின் ஏப் தொகுப்பில் வேரிடும்போது, வேர்க் கணுவை இரண்டாகப் பிரிக்கும் தேர்வை இயக்காவிட்டால் மூன்றாகவே நிற்கும். இயக்கினால் வேரின் ஒரு பக்கக் கிளைக்கு நீளம் சுழியம் என்று வரலாம், அது பிழையில்லை: வேர் எந்தக் கிளையில் என்று வெளிக்குழு சொல்லும், அந்தக் கிளையில் எந்தப் புள்ளியில் என்று சொல்லாது. அந்தப் புள்ளி உங்களுக்குத் தேவையென்றால், காலக்கணிப்பு செய்கிறீர்கள் என்றால், கடிகார மாடலுக்குப் போகத்தான் வேண்டும். இன்னொன்று, வெளிக்குழுவைப் படத்திலிருந்து எடுக்க நினைத்தால் வேரிட்ட பிறகு எடுங்கள். முதலிலேயே எடுத்துவிட்டால் எங்கே வேரிடுவது என்று சொல்ல மரத்தில் ஆள் இருக்காது.